மூன்றாவது சாவி

2004 மே

அன்பு மருமகள் ஷெவாலாவுக்கு உன் மாமியார் டெர்விஷா சலாம் சொல்லி எழுதுவது. லின்ஸில் நீ சுகமாக இருக்க அல்லாவைக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை.

போன மூன்று கடிதத்திலும் நீ ஒன்றைத்தான் கேட்டாய், ரத்தம் கொடுத்தீர்களா என்று. அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. சண்டையில் எரிந்த வீடு மறுபடி எழும்பியதைத்தான் எழுதினேன். செங்கல் வந்தது, ஓடு வந்தது, நாலு மாதம் கழித்து ஜன்னல் வந்தது. உதவி செய்த வெளிநாட்டு அரசாங்கத்தின் கொடி போட்ட பலகையைச் சுவரில் அடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஜுல்ஃபா அதைப் பார்த்துவிட்டு, "இனிமே நீ அந்த நாட்டுக்காரிடி, வரி கேட்டு வரப்போறாங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு அறைதான் தருவார்கள். மனுவில் நான் மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்தேன். நான், என் மகன் ரமீஸ், நீ. எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன இலையுதிர் காலத்தில் இஞ்சினியர் வீட்டை ஒப்படைக்க வந்தார். சின்ன வயசு. "மூணு பேரு, மூணு சாவி. மத்தவங்க எங்கம்மா?" என்றார். மருமகள் ஆஸ்திரியாவில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மகன்? காட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். பொய் இல்லையே. ஊர் எதிரி கையில் விழுந்த அந்த 95 ஜூலையில், உயிர் பிழைக்க ஆண்களோடு ஆணாக அவன் காட்டுக்குள் போனதை நீயும்தானே பார்த்தாய்.

"எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

மூன்றாவது சாவியைத் திருப்பி நீட்டினேன். "கையெழுத்து ஆயிடுச்சும்மா. திருப்பி வாங்க எங்ககிட்ட ஃபாரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜுல்ஃபா என்னைப் பிடித்து உலுக்கினாள். "ரத்தம் குடுத்தா அவன் செத்துடுவானாடி? நீ குடுக்காததால உசிரோட வந்துட்டானா? அந்தப் பொண்ணு அங்க பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல. அதையாவது நினைச்சியா?"

அடுத்த திங்கள்கிழமை இரண்டு பேரும் துஸ்லாவுக்குப் பஸ் ஏறினோம். தோண்டி எடுத்த எலும்புகளோடு சொந்தக்காரர் ரத்தத்தை ஒத்துப் பார்ப்பது அங்கேதான். பாட்டில் கணக்கில் எடுப்பார்கள் என்று பயந்து ரொட்டி கட்டிக்கொண்டு போனேன். விரலில் குத்தி ஒரு அட்டையில் நாலு சொட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். இந்த நாலு சொட்டைத்தான் மகளே, இத்தனை வருஷம் உனக்குத் தராமல் வைத்திருந்தேன்.

போன வாரம் துஸ்லாவுக்குக் கூப்பிட்டார்கள். அவன்தான். கொன்றவர்களை மொத்தமாகப் புதைத்த இரண்டு குழிகளில் பாதி பாதியாகக் கிடைத்திருக்கிறான். வலது கை இல்லை, தலை இல்லை. இப்போதே அடக்கம் செய்யலாமா, மீதி கிடைக்கும்வரை காத்திருக்கலாமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஜன்னல் பிந்தி வந்த மாதிரி மீதியும் வந்துவிடுமா என்று கேட்டேன். அவள் குனிந்துகொண்டாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி அடக்கம். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அங்கேயே ஃபாத்திஹா ஓது. வந்தால் உருளைக்கிழங்கை மாவில் சுற்றிப் பித்தா சுட்டு வைக்கிறேன், அவனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக.

உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்கும் அந்தக் கார் மெக்கானிக்கைப் பற்றி நீ எழுதியிருந்ததை நானும் ஜுல்ஃபாவும் இரண்டு தரம் படித்தோம். பனியில் உனக்கு விறகு தூக்கிக் கொடுத்தவர் என்றால் கெட்டவராக இருக்க மாட்டார். உன்னை இத்தனை நாள் கட்டிப்போட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

உறைக்குள் இரண்டு சாவி வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை யாரிடம் கொடுப்பது என்று உனக்குத் தெரியும். கதவு கொஞ்சம் இறுக்கம், தோளால் தள்ளச் சொல். இரண்டாவது அறையில் நல்ல வெயில் விழும்.

அல்லா உன் மடியை நிறைக்கட்டும்.

உன் அம்மா,
டெர்விஷா