ஆறாங்கட்டை முடக்கில் விழுந்த சாக்கு

1998 ஜூன் 3

"கயித்துல கட்டிச் சுத்துறப்ப கயிறு அறுந்தா கல்லு எந்தப் பக்கம் போகும், மாஸ்டர்?"

முப்பது வருடத்துக்கு முன் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஸ்ரீதரன் கேட்டது. கரும்பலகையில் வட்டம் போட்டு, நடுவிலிருந்து நேரே வெளியே ஓர் அம்புக்குறி இழுத்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டான்.

இப்போது அவன் தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கர். இன்று றக்வான பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். போன வாரம் கொழுந்து லொறி ஆறாங்கட்டை முடக்கில் வேகமாய்த் திரும்பியபோது, சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் பஞ்சவர்ணம் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். லொறியில் ஆள் ஏற்றக் கூடாதென்று போர்டு தொங்குகிறது. மழை வந்தால் ஏற்றச் சொல்வதும் அதே ஆபீஸ்தான்.

"அவ தானா குதிச்சா, மாஸ்டர். டிரைவரும் சிங்களத்துல 'பென்னா, பென்னா', குதிச்சான்னுதாங்க சொல்றான். லொறி வீசியிருந்தா நேரா பக்கத்துப் பள்ளத்துல விழுந்திருப்பா. கெடந்தது இருபது அடி முன்னால. நீங்க சொல்லிக் கொடுத்ததுதாங்க, ரிப்போட்டுல எழுதிட்டேன்!"

சிரித்தான். குதித்தாள் என்றால் வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும்.

ஜூன் 4

என் அம்புக்குறி சரிதானா?

ஜூன் 5

மழை. வாசலில் குடையைச் சுற்றி உதறினேன். துளிகள் கம்பி நீட்டிய பக்கம் போகவில்லை. கம்பியின் நுனி அந்த நொடியில் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமே நேராகப் போயின. ஏழெட்டுத் தடவை சுற்றினேன்.

சீ! நாப்பது வருசமா குடை புடிச்சவன். ஒரு நாளாவது பாத்தேனா?

லொறி திரும்பியது, பஞ்சவர்ணம் திரும்பவில்லை. போய்க்கொண்டிருந்த கோட்டிலேயே போனாள். அதனால்தான் இருபது அடி முன்னால். ஸ்ரீதரன் சொல்வது பொய் – அந்தப் பொய்க்குப் படம் வரைந்து கொடுத்தது நான்.

ஜூன் 7

இரத்தினபுரி ஆஸ்பத்திரி. என் குடைக் கதையைப் பஞ்சவர்ணம் பொறுமையாய்க் கேட்டாள்.

"அதெல்லாம் தெரியாதுங்க மாஸ்டர். என்கூட ரெண்டு கொழுந்துச் சாக்கும் பக்கத்திலேயே வந்து விழுந்துச்சு. அதுகளுமா குதிச்சிச்சு?"

இடுப்பு வலியோடு சிரித்தாள். ஆபீஸில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன? முதலில் குடையைத்தானே கேட்டேன்.

ஜூன் 11

தோட்ட ஆபீஸில் விசாரணை. வாளியில் குடையை நனைத்துத் தோட்டத்து மேனேஜர் துரையின் முன்னால் சுற்றினேன். அவர் சட்டையிலும் தெறித்தது. பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன்.

"மாஸ்டருக்கு வயசாயிருச்சுங்க" என்றான் ஸ்ரீதரன்.

"சாக்கும் குதிச்சிச்சுன்னு எழுதியிருக்கியாப்பா?" என்று அவனைக் கேட்டேன்.

துரை டிரைவரைப் பார்த்தார். எத்தனை சாக்கு விழுந்தது?

"தெக்காய்." இரண்டு. தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஜூலை 20

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் வாசித்தார்கள். பஞ்சவர்ணத்தின் பேர் வெட்டப்படவில்லை. காம்பிராவும் அவளுக்கே.

திரும்பி வரும்போது கொழுந்து லொறி கடந்து போனது. சாக்குகளின் மேல் ஆறு பெண்கள். போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தூ!

இதை வாசிப்பவர் யாரானாலும், அடுத்த மழையில் நனைந்த குடையைச் சுற்றி, துளி எந்தப் பக்கம் போகிறதென்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.