இரண்டு ஓட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே தெரிவி. இங்கே எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம், அம்மாவுக்கு என்னைத் தவிர எல்லாம் நலம்.

உங்கள் அலுவலகத்தில் ஊழியர் குழுவுக்குத் தேர்தல் வருகிறது, நான் ஒருத்தி ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன்னை நாலு வார்த்தை திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இங்கே நடந்த கூத்தில் எது சரி எது தப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. நடந்ததை எழுதுகிறேன், உனக்காவது புரிகிறதா பார்.

நம் குடியிருப்புச் சங்கச் செயலாளரை நினைவிருக்கும், மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாரே, அவரேதான். ஒன்பது வருடமாக வீட்டுக்கு ஒரு கை தூக்கச் சொல்லியே ஜெயித்தார். எந்த வீட்டுக் கை மேலே வராமல் தூங்குகிறதோ அந்த வரிசைக்கு மறுநாள் தண்ணீர் தாமதமாக வரும். நான் எட்டாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போனவன்தான், ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்க விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். ரகசிய வாக்கெடுப்பு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு என்று அதிலேயே இருக்கிறது. ஒரு வருடம் மல்லுக்கட்டி அதைக் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி பென்சில், பெயருக்கு எதிரே டிக் மட்டும், எண்ணியதும் சீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும், யார் போட்டது என்று ஒருவரும் மோப்பம் பிடிக்கக் கூடாது, எல்லாம் நான் போட்ட நிபந்தனை. அவரை எதிர்த்து நானே நின்றேன்.

கடைசி நேரத்தில் மூன்றாவது மாடி நர்ஸும் நிற்பதாகச் சொன்னாள். நீங்கள் விலகிக்கொள்ளுங்கள், ஓட்டுப் பிரியும் என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவனே விலகுவதா, முடியாது என்றேன். அன்று துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பொண்ணு நல்லா செய்வா என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முடிவைக் கேள். செயலாளர் இருபது, நர்ஸ் பத்தொன்பது, நான் இரண்டு. இரண்டில் ஒன்று நான் போட்டது. இன்னொன்றுதான் என் உயிரை வாங்குகிறது. கீழ்வீட்டு டிரைவர் என் கையைப் பிடித்து, அது என்னோடது சார் என்றார். பக்கத்து வீட்டு மெக்கானிக்கும் அதையே சொன்னான். அம்மாதான் போட்டிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன், அவளோ வாயே திறக்கவில்லை. ஒரு ஓட்டை மூன்று பேர் எப்படிப் போட முடியும்? அவர்களில் ஒருவர் சொல்வது நிஜமென்றால் அம்மா எனக்குப் போடவில்லை. அம்மா போட்டிருந்தால் அவர்கள் இருவரும் என் முகத்துக்கு நேராகப் புளுகுகிறார்கள். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வருகிறது. கேட்டால் ஒரு வருடம் எதற்காகச் சண்டை போட்டேன்? சீட்டுகளைக் கிழிக்கும்போது பக்கத்தில் நின்று, இன்னும் சின்னதாகக் கிழியுங்கள் என்றவனும் நான்தான்.

என்னால்தான் அந்தப் பெண் தோற்றாள் என்று கட்டடமே பேசுகிறது. நான் இல்லாவிட்டால் பெட்டியே வந்திருக்காது என்பதை ஒருவரும் பேசுவதில்லை. சங்கமும் வேண்டாம் சங்காத்தமும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் படிக்கட்டில் நர்ஸ் எதிரே வந்தாள். திட்டப் போகிறாள் என்று சுவரோரம் ஒதுங்கினேன். அவள் நின்று, “அங்கிள், இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் இப்படி நெனைக்கிறேன்னு இருந்தேன். பத்தொன்பது பேர் இருக்காங்களே” என்றாள். தோற்றவள் சிரித்துக்கொண்டு ஏறுகிறாள், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது செயலாளர் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். ஓட்டுப் பேப்பர் வந்ததால் அக்கம்பக்கத்தில் பகை வந்துவிட்டதாம், வரும் ஞாயிறு கூட்டம் போட்டு இந்தத் தடவை ஆளுக்கு ஒரு கையாக மறுபடி கை தூக்கும் முறைக்கே போகலாமாம். அதை முடிவு செய்வதும் கை தூக்கித்தானாம். நர்ஸுக்கு அன்று டியூட்டி. யாராவது முதலில் எழுந்து, இதற்கும் பேப்பர்தான் என்று சொல்ல வேண்டும். உன்னிடம் மறைப்பானேன், கை தூக்கும் முறை வந்தால் அம்மாவின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடலாமே என்று ஒரு நாள் முழுக்க எனக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. செயலாளருக்கும் இதே ஆசைதானே. போய் எழுந்து நிற்கத்தான் போகிறேன். ஜெயிப்போமா என்று கேட்காதே, தெரியாது. எனக்கு இரண்டே ஓட்டு தந்த பெட்டிக்காக நான் ஏன் பேச வேண்டும் என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குழந்தைக்கு நம் எழுத்தைச் சொல்லிக்கொடு. உங்கள் தேர்தலுக்குப் போய் ஓட்டுப் போடு, யாருக்குப் போட்டாய் என்று எனக்கு எழுதாதே. போனில் அம்மாவிடமும் எதையும் கிளறாதே. கிளறித் தெரிந்தாலும் என்னிடம் சொல்லாதே.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்து இருங்கள். அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது. உன் பங்குக்கு வேறு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், நான் ஞாயித்துக்கிழமை ஓட்டுப் பேப்பர்லயே எழுதிக்கிறேன்” என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா