வேலை கொண்டவர் யாவர்?

மழை தவறாத கார்வளநாட்டின் அரசர், நுரையாற்றுத் தென்கரைக் காவலர், நெடுமதில் எடுத்த காரிவேள் விடுக்கும் ஓலை. நாட்டுத் தலைவர்களும், துறை அதிகாரிகளும், சூளையும் ஆலையும் தறியும் உடையவர்களும், அவர்களிடம் உழைப்பவர்களும் நலமே பெறுக. உங்கள் ஏரிகள் நிறைக, உங்கள் அடுப்புகள் அவியாதிருக்க. இவ்வோலையை ஊர்ப் பொதுவில் உரக்கப் படிக்கவும். நடுவே சிரிப்பு எழுந்தால் அடக்க வேண்டாம். யாமும் சிரித்தோம், பிறகுதான் நாணினோம்.

எம் பாட்டனார் இட்ட கட்டளை ஒன்று உண்டு. அயல்நாட்டிலிருந்து ஆறு கடந்து வருவோர் துறையில் பெயர் சொல்லி, சுட்ட மண் முத்திரை பெற்ற பிறகே உழைக்கப் போகலாம். 'முத்திரையின்றி வேலை கொண்டவர் முப்பது நாள் கரைமண் சுமக்க. சுமவாதார் ஆறு கடக்க' என்பது அதன் கடைசி வரி. நெடுங்காலம் ஏட்டிலேயே உறங்கிய இக்கட்டளையை எழுப்பச் சொல்லி உள்ளூர்ச் செங்கல் அறுப்போர் எம்மிடம் முறையிட்டனர். முதலில் நுரையாற்றுத் துறை மக்களின் கருத்தைக் கேட்டு வருமாறு அப்பகுதியின் நாட்டுத் தலைவர் பொன்விளை கிழாரைப் பணித்தோம்.

அவர் சந்தையில் இரண்டு குடங்களை வைத்தார். 'முத்திரையின்றி வேலை கொண்டவரைத் தண்டிக்கலாமா?' என்று பறையறைந்து கேட்டார். ஆம் என்போருக்கு ஒரு குடம், இல்லை என்போருக்கு மற்றொன்று. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. நானூறு வீட்டாரில் முந்நூற்று எழுபத்து நால்வர் ஆம் என்றனர். கிழார் மகிழ்ந்தார். நம்பிச் சாத்தன் என்பவரின் சூளையில் முத்திரையின்றி மண் மிதித்த அறுபது பேரைப் பிடித்தார். நாள் முழுதும் மண்ணில் நிற்பவருக்கு மண் சுமப்பது என்ன தண்டனை என்று தாமே முடிவு செய்து, நேரே ஆறு கடத்தத் துறைக்கு ஓட்டி வந்து படகில் ஏற்றினார்.

துறையின் பொறுப்பு நல்லமங்கை என்னும் அம்மையாருடையது. படகை அவிழ்க்க அவர் கைகாட்ட வேண்டும். அவருக்குக் கட்டளை தெரியும். குடத்தின் கணக்கும் தெரியும். அந்த அறுபது பேரின் கால்களையும் அவர் பார்த்தார். முழங்கால் வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. அவர்கள் விட்டு வந்த வடகரையில் மூன்றாண்டாய் மழையில்லை என்பதையும் அவர் அறிவார். மனம் கனத்தாலும், மக்கள் சொல்லிவிட்டார்களே என்று கையை உயர்த்தப் போனார்.

அப்போதுதான் கூட்டத்தில் மீன்கூடையோடு நின்ற நாகாத்தி என்பவள் வாய் திறந்தாள். இனி வருவன அவரவர் சொன்னபடியே. நல்லமங்கையார் மெருகிடாமல் எழுதியனுப்பினார், யாமும் மெருகிடவில்லை.

"ஏம்மா, எல்லாரும் ஏறியாச்சு. சூளைக்காரரு எப்ப ஏறுவாரு?"

"அவர் ஏன் ஏற வேண்டும்?" என்று கிழார் அதட்டினார்.

"அவரைத்தானே தண்டிக்கச் சொன்னீங்க? நான் ஆமான்னு கொட்டை போட்டதே அவருக்குத்தான்! மாடு கொண்டவன்னா மாட்டை வாங்கினவன். வேலை கொண்டவன்னா வேலை வாங்கினவன். வாங்கினவன் தப்புப் பண்ணினா மாட்டையா புடிச்சுப் படகுல ஏத்துவீங்க?"

கூட்டம் சிரித்தது. பிடிபட்டவர்களில் கூரன் என்பவன், "மாடுன்னா வைக்கோலாச்சும் போடுவாங்க அக்கா. முத்திரை நானே வாங்கித் தரேன், நீ ஏன் துறைக்கு அலையறேன்னாரு சூளைக்காரரு. ரெண்டு மழைக்காலம் ஆச்சு" என்றான்.

நல்லமங்கையாரின் உயரத் தொடங்கிய கை அப்படியே நின்றது. வேலையை ஏற்றுக்கொண்டவரும் வேலை கொண்டவர்; பிறரிடம் வேலை வாங்கிக்கொண்டவரும் வேலை கொண்டவர். கிழார் ஒன்றை நினைத்துக் கேட்டிருக்கிறார், சந்தை வேறொன்றை நினைத்து விடை சொல்லியிருக்கிறது. எண்ணிக்கையில் பிழையில்லை. கேள்விதான் பிழை.

"அந்தி சாய்வதற்குள் படகு போகாவிட்டால் உம் பொறுப்பும் போகும்" என்றார் கிழார்.

அம்மையார் தம் விரலிலிருந்த துறைக் கணையாழியைக் கழற்றிப் படித்துறைக் கல்லில் வைத்தார். "மறுபடி கேட்போம், இப்போதே, இங்கேயே. தெளிவாகக் கேட்ட பிறகும் இவர்களை அனுப்பவே மக்கள் சொன்னால், இதே படகில் நானும் ஏறிப் போகிறேன்" என்றார். அக்கரையில் அவருக்கு உறவென்று எவருமில்லை.

பறையறைந்து எல்லா வீட்டாரையும் அழைத்து, துறையில் மூன்று குடங்கள் வைக்கப்பட்டன. சொல்லை நம்பாமல், கண்ணால் காணும் ஆளையே அவர் நம்பினார். ஒன்றின் முன் மண் மிதிக்கும் கூரனைப் படகிலிருந்து இறக்கி நிறுத்தினார். அது உழைத்தவரை மட்டும் தண்டிக்க. மற்றொன்றின் முன் நம்பிச் சாத்தனை வரவழைத்து நிறுத்தினார்; அது வேலை வாங்கியவரை மட்டும் தண்டிக்க. நடுவிலிருந்தது இருவரையும் தண்டிக்க. பட்டுச் சால்வையோடு குடத்தருகே நின்ற சாத்தன் வியர்த்துக் கொட்டினார். "முதலாளி, கொஞ்சம் நகருங்க, குடத்தை மறைக்கிறீங்க" என்று நாகாத்தி சொன்னதும் சிறுபிள்ளைகள் கூடக் கைதட்டினர்.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. உள்ளூரில் செங்கல் அறுக்கும் வேம்பன் நெடுநேரம் கொட்டையைக் கையில் உருட்டியபடி நின்றான்.

"இவங்க மேல கோவமே இல்லேன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்மா. இவங்க வந்தப்புறம் சூளையில எங்களை யாரு கூப்பிடறா? முறைன்னா எல்லாருக்கும் முறைதான்" என்று நடுக்குடத்தில் போட்டான். போட்டவன் நகரவில்லை. "சாத்தனைப் புடிச்சாச்சு, சரி. அவரு அறுத்த கல்லெல்லாம் எங்க போச்சு? ராசா மதிலுக்குத்தானே? கார்த்திகைக்குள்ள கல்லு வேணும், ஆளு யாராயிருந்தா என்னன்னு அரண்மனை ஆளே வந்து சொன்னான். நான் காதால கேட்டேன். அதையும் எழுதுவீங்களா?"

வேண்டாம் என்று கிழார் கண்ணால் காட்டினார். அம்மையார் எழுத்தாணியை எடுத்தார். அழுத்தி எழுதியதில் முதல் எழுத்து ஏட்டைக் கிழித்துவிட்டது. வேறு ஏடு எடுத்து எழுதினார். கிழிந்த ஏட்டையும் எமக்கே அனுப்பியிருக்கிறார். அது இப்போது எம் ஆசனத்தின் அருகில் இருக்கிறது.

வெயில் தணியும் முன் குடங்கள் கவிழ்க்கப்பட்டன. உழைத்தவரை மட்டும் என்றோர் ஐம்பத்தேழு வீட்டார். இருவரையும் என்றோர் நூற்றுப் பன்னிருவர். வேலை வாங்கியவரை மட்டும் என்றோர் இருநூற்று முப்பத்தொருவர். நாகாத்தி கணையாழியை எடுத்து முந்தானையில் துடைத்து, "போட்டுக்கம்மா, மீன் நாத்தம் ஒண்ணும் பண்ணாது" என்று நீட்டினாள். எஞ்சிய ஐம்பத்தொன்பது பேரும் படகிலிருந்து இறங்கினர்.

தம்மைப் பார்த்து ஊரே நகைக்க வைத்ததாகக் கிழார் எமக்கு முறையீடு எழுதினார். கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன், தண்டனை இருப்பின் துறையிலேயே காத்திருப்பேன் என்று நல்லமங்கையார் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தோம். எம் அவையில் இருபது ஆண்டாய்ப் புகழ்மாலை சூட்டியோர் பலர். எம் கட்டளையின் ஒரு வரியை எமக்கே படித்துக் காட்டியவர் இவர் ஒருவரே. இத்தகையவர் காக்கும் துறை எம் நாட்டில் இருப்பதை எண்ணி நெஞ்சு நிமிர்கிறோம்.

ஆதலின் ஆணை இது. இன்று முதல் 'வேலை கொண்டவர்' என்பது வேலை வாங்கியவரையே குறிக்கும். முத்திரையின்றி ஆள் வைத்தவர், எவராயினும், முப்பது நாள் கரைமண் சுமக்க. முத்திரையின்றி வந்து உழைப்போர் நாற்பது நாளுக்குள் துறையில் பெயர் சொல்லி முத்திரை பெறுக. பெறாதார் அறுவடை முடிந்து தம் ஊர் திரும்புக. வேம்பன் முதலிய உள்ளூரார்க்கு வேலை மறுத்து அயலாரை அழைத்த சூளைக்கு அரண்மனை இனிக் கல் கேட்காது. மக்களிடம் கேள்வி கேட்கும் முன், அக்கேள்வியை ஒரு மீன்காரியிடம் சொல்லி, என்ன விளங்கியது என்று கேட்டுக்கொள்க. பொன்விளை கிழார்க்கு இது தனியே அறிவுறுத்தப்படுகிறது.

மதிலுக்குக் கல் கேட்டது யாம். நம்பிச் சாத்தனுக்கு முன்னே யாமே கரைமண் கூடை எடுத்தோம். இன்று ஒன்பதாம் நாள். இவ்வோலையின் அரக்கில் செம்மண் கலந்திருப்பதைக் கண்டு பொய் முத்திரையென ஐயுற வேண்டாம். கை கழுவ நேரமின்றி இட்டது.

கடைசியாக, ஓலை எழுதுவோர் அனைவரும் அறிக. எம் பெயருக்கு முன் 'நெடுமதில் எடுத்த' என்று இனி எழுதற்க. எடுத்தவர்கள் முழங்கால் வரை மண்ணோடு நின்றவர்கள். அவர்கள் பெயர்கள் அறுபதையும் மதில் வாயிலில் பொறிக்கச் சொல்லியிருக்கிறோம். யாம் வேலை கொண்டவர்.

காரிவேள். கைச்சாத்தும் முத்திரையும் எம்முடையன.