லிஃப்ட் இல்லாத ஊர்

வாலின் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் வந்தது இதுதான் முதல் தடவை, அதனால் என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள். நீயும் நம் வாலுப் பெண்ணும் நலமாகத்தான் இருப்பீர்கள். அந்த ஊரில் நலமாக இருப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது?

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தையில் நீ சண்டைக்கு வருவாய், ஆறாவதில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பாதியில் தூக்கிப் போட்டாலும் மிச்சம் மேஜை மேலேயே கிடக்கும். கோபம் ஆறியதும் எடுத்துப் படிக்கலாம்.

"ஒரு தடவை வந்து ரெண்டு நாள் இருந்து பாருங்க, அப்புறம் முடிவு சொல்லுங்க" என்றாய். வந்தேன், இருந்தேன், பார்த்தேன். இங்கே கம்பெனியிலும் முடிவு கேட்டு நிற்கிறார்கள். புதிதாக ஒரு முப்பது மாடிக் கட்டிடம், ஆறு லிஃப்ட், மூன்று வருஷத்துக்கு நான்தான் பொறுப்பு. அடுத்த திங்கட்கிழமைக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சரி என்றால் மூன்று வருஷம் நான் இங்கே, நீங்கள் அங்கே. இல்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் பிஸ்கட் ஊருக்கு வர வேண்டும்.

பிஸ்கட் ஊர் என்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வரிசை வரிசையாக ஒரே அளவு வீடு, ஒரே நிறம், ஓரத்தில் ஒரே மாதிரி கோடு. பாக்கெட்டைப் பிரித்து அடுக்கியது போல இருக்கிறது. வாசல் கதவுக்கு வேறு நிறம் அடிக்க வேண்டுமானால் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். துணி காயப்போட்டால் தெருவிலிருந்து தெரியக்கூடாதாம். ஏன், அவர்களெல்லாம் துணியே உடுத்துவதில்லையா? இதையெல்லாம் அந்தச் செயலாளர், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ நாட்டையே ஆளுகிற தோரணையில் எனக்கு விளக்கினார். அடையாள அட்டை எதற்கு? அவர் எங்கே காணாமல் போய்விடப்போகிறார்?

சாயங்காலமானால் மொத்த ஊரும் ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிறது. எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் எங்கேயும் போகவில்லை. கிளம்பிய இடத்துக்கே வந்து நின்று, கையில் கட்டியிருக்கும் கருவியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அதே ஆட்கள் மறுநாள் காலையில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கக் காரில் போகிறார்கள். இந்தக் கூத்துக்கு நான் ஒரு பேர் வைத்திருக்கிறேன். அது கடிதத்தில் எழுதக்கூடிய பேர் இல்லை.

என் பஸ் டிக்கெட் விவகாரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வந்திறங்கிய அன்று அது என் பாக்கெட்டிலிருந்து தவறி விழுந்தது. விழவில்லை, நான்தான் போட்டேன் என்று நீ சொல்வாய். இருக்கட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதன் படம் உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. 'இது யாருடையது?' என்று கேள்வி. அதன் கீழே வரிசையாக எல்லோரும் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எங்கள் கட்டிடத்தில் ஆள் செத்தால்கூட இத்தனை பேர் வருத்தப்பட மாட்டார்கள். நீ விழுந்தடித்துக்கொண்டு ஓடி அந்தத் துண்டுச் சீட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். எனக்காக நீ அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

என் பிழைப்பைப் பற்றியும் யோசித்துப் பார். ஊரிலேயே உயரமான கட்டிடம் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் ஏணிதான். மற்றதெல்லாம் தரையோடு தரையாகத் தவழ்கிறது. லிஃப்ட் இல்லாத ஊரில் லிஃப்ட் மெக்கானிக் என்ன செய்வான்? செயலாளர் புல் வெட்டும்போது அளவுகோல் பிடிப்பானா? "புதுசா மால் கட்றாங்க, எஸ்கலேட்டர் வருதாம்" என்று நீ ஆசையாகச் சொன்னாய். எஸ்கலேட்டர் என்பது நடக்கவும் சோம்பல், நிற்கவும் பொறுமையில்லை என்கிறவர்களுக்காகச் செய்தது. படிக்கட்டுக்கு எண்ணெய் போடவா நான் இத்தனை வருஷம் கயிறும் பிரேக்கும் பார்த்தேன்?

உன் கடையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதத்துக்கு முன் உன் முதலாளி அந்தக் கண்ணாடிக் கடைக் கிளையை உன்னை நம்பி விட்டது சரிதான். ஊரில் பாதி மூக்குகளில் நீ போட்டுவிட்ட கண்ணாடிதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி போட்டும் அந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே. அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

சனிக்கிழமை காலை உன் வாசல் குழாய் ஒழுகுகிறதே என்று ஸ்பேனரோடு குனிந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர், அந்த ஓய்வு பெற்ற வரி அதிகாரி, தெருவைத் தாண்டி வந்து, "அடடே, வாங்க வாங்க! கப்பல்லேருந்து எப்ப இறங்குனீங்க?" என்றார். பாவம், மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவையும் கேட்டார். "எட்டு மாசமா கடல்லயே இருந்தீங்களாமே, வீட்டம்மா சொன்னாங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். நீ கதவருகில் டீயோடு நின்றுகொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கெஞ்சுகிற முகம். நீ எவனிடமும் கெஞ்சுகிறவள் இல்லையே. என்னையறியாமல் "முந்தாநேத்து" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பூங்காவில் அவர்களுடைய மாதக் கூட்டம். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதற்குப் பேர் கூட்டமாம். என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பஸ்ஸிலேயே குமட்டுகிற நான், கால் நனைகிற ஆழத்துக்கு மேல் கடலில் இறங்காத நான், அன்றைக்குக் கப்பல் எஞ்சினியர். எஞ்சின் ரூமில் எவ்வளவு சூடு இருக்கும் என்றார் ஒருவர். எனக்குத் தெரிந்தது லிஃப்ட் மெஷின் ரூம் ஒன்றுதான். அதையே தூக்கிக் கடலில் மிதக்கவிட்டேன். கிரீஸ் நாற்றம், கயிறு இழுபடுகிற சத்தம், நிமிர்ந்தால் இடிக்கிற கூரை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கப்பலுக்கு எதற்குக் கயிறு என்று ஒரு ஜென்மம்கூடக் கேட்கவில்லை. திமிங்கலம் பார்த்ததுண்டா என்றார்கள். "ஒண்ணு பாத்தேன். நம்ம செயலாளர் மாதிரியே மேல வந்து புஸ்ஸுனு மூச்சு விட்டுட்டு உள்ள போயிடுச்சு" என்றேன். செயலாளரும் சேர்ந்து சிரித்தார். படித்த முட்டாள்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் எனக்கு அது வேடிக்கையாகவே இருந்தது.

அப்போதுதான் வரி அதிகாரியின் மனைவி நம் வாலைக் கூப்பிட்டு, அப்பா உனக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேட்டாள். நான் ஒன்றும் வாங்கி வரவில்லை. நம் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்பா பெட்டி இன்னும் துறைமுகத்துல இருக்கு ஆன்ட்டி, செக் பண்ணிட்டுத்தான் குடுப்பாங்க" என்றாள். அவ்வளவு சரளமாக. எத்தனை தடவை சொல்லிப் பழகியிருந்தால் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அப்படி வரும்? அதற்கப்புறம் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து நீ பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு இந்தக் கப்பல் என்று கேட்டேன். நீ என் பக்கம் திரும்பாமலே, "'அடுத்த மாசம் வந்துடுவார்'னு மூணு மாசம் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களே கேக்குறதை நிறுத்திட்டாங்க. நிறுத்துனதைத்தான் தாங்க முடியலை. கப்பல்ல இருக்கார்னு சொன்னா, ஏன் வரலைன்னு யாரும் யோசிக்க மாட்டாங்கல்ல?" என்றாய். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் பஸ் ஏறினேன். பாதி வழியில் அது யார் மேல் கோபம் என்று புரிந்தது. கப்பலில் இருப்பவன் நடுக்கடலில் இறங்கி வர முடியாது. எனக்கு மணிக்கொரு பஸ் இருந்தது. ஊர் சரியில்லை, ஜனம் சரியில்லை, லிஃப்ட் இல்லை என்று எட்டு மாதம் இங்கே உட்கார்ந்து நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பிஸ்கட் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் சாயங்காலம் சுற்றிச் சுற்றி நடந்தாலும் கடைசியில் அவனவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அந்தத் துப்புக்கூட எனக்கு இல்லை.

இங்கே நம் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ தண்ணீர் ஊற்றச் சொன்ன தொட்டிச் செடி செத்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னது பொய். கீழே அச்சகத்தில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. முன்பு நீ அட்டையை மடித்துச் செருகுவாய், நான் எழுந்து போய்ச் செருகுவதில்லை. சாப்பாடு பெரும்பாலும் நின்றுகொண்டே முடிந்துவிடுகிறது.

உன் ஊரைப் பற்றிய அபிப்பிராயம் எனக்கு மாறவில்லை. எப்போதும் மாறாது. வந்தால் முதல் நாளே அந்த வரி அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டி, நான் கப்பல்காரன் இல்லை, லிஃப்ட் மெக்கானிக், இத்தனை நாள் பஸ் தூரத்தில் சும்மா இருந்தவன் என்று சொல்லிவிடுவேன். குழுவில் என் படத்தையும் போட்டு வருத்தம் தெரிவிக்கட்டும். உனக்கு அவமானமாக இருக்கும் என்றால் நான் சொல்லும்போது நீ உள்ளேயே இரு. நம் பெண் மட்டும் என் பக்கத்தில் நிற்கட்டும். அவள் இனி யாருக்காகவும் அப்படிச் சரளமாகப் பேச வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இந்த எட்டு மாதமும் போனை வைக்குமுன் "எப்ப வர்றீங்க?" என்று கேட்காமல் நீ வைத்ததில்லை. கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும், ஊரைத் திட்டிவிட்டு வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நீ தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாய், பார்த்துப் போங்கள் என்றாய், பஸ் திரும்பும்வரை நின்றாய். கேட்கவில்லை. வந்து சேர்ந்ததும் போன் செய்தேன். சாப்பிட்டீர்களா என்றாய், தூங்குங்கள் என்றாய், வைத்துவிட்டாய். அப்போதும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நம் வாலை எனக்காக ஒரு தடவை கட்டிக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அப்புறம் இன்னும் ஒரே ஒரு தடவை என்னைக் கேள். இந்தத் தடவை ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்