வெள்ளி ராத்திரி எந்த ராத்திரி

நவம்பர் 8, சனி

அடுத்த வாரத்து ஷிஃப்ட் பட்டியல் முடிந்தது, ஏழாவது முறையாக. எங்கள் கண்டெய்னர் யார்டு வாசல் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது. என்னிடம் இருப்பதோ நாலு பேர். சண்முகசுந்தரிக்குப் பகல் மட்டும். ரோச்சுக்கு ஞாயிறு பூசை. தாணுலிங்கம் அமாவாசை ராத்திரி வாசலில் உட்கார மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். மீரான்தான் தங்கம். எத்தனை ராத்திரி போட்டாலும் சரி, வெள்ளி ராத்திரி மட்டும் காயல்பட்டினத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டுமாம். கேட்டதும் கொடுத்துவிட்டேன்.

யாராவது வராவிட்டால் நிற்பது நான். அப்படிப்பட்ட என் பெயருக்கு எதிரே வியாழன் மாலை முதல் லீவு! என் கையெழுத்து இவ்வளவு அழகு என்று இன்றுதான் தெரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

வரும் ஞாயிறு சென்னையில் பேரனுக்கு ஞானஸ்நானம். வியாழன் ராத்திரி ரயிலுக்கு இரண்டு டிக்கெட். மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோதும், அவள் புதுவீடு குடிபோனபோதும் நான் யார்டு வாசலில்தான் நின்றேன். ஜெயஷீலா இன்று கோயில் விட்டு வரும்போது நிதானமாகச் சொன்னாள்: "மூணாவது தடவையும் இப்படின்னா, நான் மக வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

கத்தியிருந்தால் பயமில்லை. நிதானமாகச் சொன்னாளே, அதுதான்.

நவம்பர் 10, திங்கள்

வாட்ஸ்அப் குழுவில் போட்டாச்சு: 'மீரானுக்கு வாரம் முழுக்க ராத்திரி, மாலை ஆறு முதல் காலை ஆறு. வெள்ளி ராத்திரி ஓய்வு, அன்று தாணுலிங்கம்.' நாலு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். இதைவிடத் தெளிவாக எழுத யாரால் முடியும்?

நவம்பர் 12, புதன்

என் பெட்டியையும் அவளே கட்டினாள். நல்ல சகுனம்.

நவம்பர் 13, வியாழன்

ரயிலை விட்டுவிட்டேன். ஆம்னி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

அடுத்த ஷிஃப்ட்டுக்கு ரிலீவர் வராமல் வாசலை விட்டு நகரக் கூடாது. ஆறு மணி. ஆறேகால். லாரிகள் வரிசை கட்டிவிட்டன, மீரானைக் காணோம். ஆறே முக்காலுக்குத்தான் போனை எடுத்தான்.

"எனக்கு இன்னைக்கு ஓய்வுல்லா அண்ணாச்சி? வெள்ளி ராத்திரி."

ஏலே, இன்றைக்கு வியாழன் என்றேன்.

"வியாழன் மஃரிபோட முடிஞ்சிட்டே."

கொஞ்சமும் பதறவில்லை. அவர்கள் கணக்கில் பொழுது அடைந்து மஃரிப் தொழுகை வந்ததும் மறுநாள் தொடங்கிவிடுமாம். வெள்ளிக்கு முந்தின ராத்திரிதான் வெள்ளி ராத்திரியாம். இருபத்தேழு வருஷமாகத் துறைமுகத்தில் இருக்கிறேன் — ஒருத்தனாவது சொன்னானா? நான்தான் கேட்டேனா?

பகல் பார்த்த ரோச் தானே நிற்பதாகச் சொன்னார். பன்னிரண்டு மணி நேரம் நின்ற மனிதரை எப்படி நிறுத்த? அனுப்பிவிட்டேன். போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "கிறிஸ்துமஸ் ராத்திரின்னா நமக்கு இருபத்துநாலுதானே அண்ணாச்சி? அவன் சொல்லுததுல என்ன தப்பு?"

வருஷா வருஷம் அந்த ராத்திரிக்கு லீவு கொடுப்பவனே நான்தான்.

மீரான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கில் வந்து சேர எட்டரை. நான் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது ரயிலின் பின்விளக்குதான் தெரிந்தது. பெட்டிகளோடு ஏறிப் போய்விட்ட ஜெயஷீலா போனை எடுக்கவில்லை. அங்கனயே இருந்துருவாளோ?

நவம்பர் 14, வெள்ளி, சென்னை

ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். பஸ் முந்திவிட்டது! கசங்கிய சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்றேன். இறங்கியவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு பெட்டிகளையும் என் கையில் கொடுத்தாள்.

"ரிலீவர் வந்தாச்சு" என்றாள்.

அப்பாடா.

நவம்பர் 19, புதன்

புது விதி, சிவப்பு மையில்: இனிமேல் பட்டியலில் கிழமை கிடையாது. தேதியும் மணியும் மட்டும். மீறினால் யாராக இருந்தாலும் விடமாட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

நான் கேட்பதற்குள் மீரானே முன்வந்து கிறிஸ்துமஸ் டூட்டியை வாங்கிக்கொண்டான். "நீங்க மதினியோட கோயிலுக்குப் போங்க அண்ணாச்சி." கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்திலேயே குழுவில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

காலையில் பார்த்தால், மூன்று கட்டைவிரல்கள்தான். மீரானிடமிருந்து ஒரு கேள்வி: 'இருபத்துநாலா, இருபத்தஞ்சா அண்ணாச்சி?'

நான் போட்டதைத் திரும்பப் படித்தேன். 'கிறிஸ்துமஸ் ராத்திரி — மீரான்.'

ஜெயஷீலா போனை என் கையிலிருந்து வாங்கி, தேதியை அவளே அடித்து அனுப்பினாள்.