கண்ணை மூடிப் போட்ட ஓட்டு

அன்புள்ள என்று எழுதக் கை வராத என் பழைய தோழிக்கு,

என் மகள் கல்யாணப் பந்தியில் நீ சாப்பிடாமல் எழுந்து போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சபைக் கமிட்டிக்குப் பெண்களும் நிற்கலாம் என்று இந்த வருஷம்தான் விட்டார்கள். உன் வீட்டுக்காரருக்கு எதிராக நான் நின்றேன். புருஷன்மார் கையைப் பார்த்தே நம் பெண்கள் கை தூக்குவார்கள் என்று தெரிந்துதான் போதகரிடம் சொன்னேன்:

"செபத்துக்கு மூடுத மாதிரி எல்லாரும் கண்ணை மூடட்டு. நீங்க மட்டும் எண்ணுங்க."

"கெழவிக்கு ஒறக்கம் வருது போல, மக்கா" என்று உன் வீட்டுக்காரர் சிரித்தார்.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

என் பெயருக்குக் கை தூக்கச் சொன்னபோது நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பெண்கள் பக்கம் முதல் பாயில் உன் கை உயர்ந்து நின்றது. ஏன் தூக்கினாய்? என்மேல் இரக்கமா, அவர்மேல் கோபமா, இல்லை, நான் கமிட்டியில் நன்றாகப் பேசுவேன் என்று நினைத்தாயா? அவரிடம் நான் மூச்சு விடமாட்டேன்.

நீயும் ஒன்றைச் சொல்லாதே. எனக்கு நானே கை தூக்கியதை அரைக் கண்ணால் பார்த்துச் சிரித்தாயே, அதை.

இப்படிக்கு,
அந்தப் பந்தியில் உன் இலையை இன்னும் எடுக்காதவள்