பிழைக்குப் பக்கத்தில் நீ எழுதியவை

உன் முழங்கால் தைலம் இன்னும் மணக்கிறது. இரண்டு குளிர்காலம் பல்கனியில் கிடந்த பை. சிப்பை இழுத்ததும் தைலமும் ஈரத்தோலும் சரளை மண்ணும் சேர்ந்து மூக்கில் ஏறின. பையைக் கொண்டுவந்த உன் அக்கா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, இது உனக்கு வேணுமோ, இல்லாட்டிக் குப்பையிலை போடுறதோ? மணம் தாங்கேலாதெண்டு அம்மா வெளியிலை வைச்சவ. ஆனா எறியவும் விடுறா இல்லை."

"உள்ளுக்கு என்னக்கா?"

"கொப்பியள்தான். வேறை என்ன, அவன்ரை கல்யாண வேட்டியோ?"

அழுகையை மறைக்கப் பகிடி விடுவது உங்கள் வீட்டுப் பழக்கம் போல. அவள் போன பிறகு பையை மேசையில் கவிழ்த்தேன். ஸ்கோர் எழுதிய கொப்பிகள். நீ உயிரோடிருந்தபோது நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் பை வந்த அந்த வாரம் எனக்கு அவற்றைவிட அவசரமாக எதுவும் தேவைப்படவில்லை.

நேராகவே சொல்கிறேன். நம் மைதானத்தை யாருக்குக் கொடுப்பது என்று நகரசபையான கொம்யூன் புதிதாகத் தீர்மானிக்கப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. ஒரு சீசன்கூட விடாமல் விளையாடியவர்களுக்கே முதலிடம். நம் பேஸ்போல் லீக்கின் வரலாற்றை சீசன் சீசனாக எழுதி, ஆட்டப் பதிவுகளையும் இணைத்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கல் பொறுக்கிப் பொறுக்கி நாம் சமப்படுத்திய அந்தச் சரளைத் திடல் போனால் லீக்கும் போகும். ஒஸ்லோவில் மற்ற எல்லா இடமும் செயற்கைப் புல், எல்லாம் கால்பந்துக்காரருக்கு.

எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள், படித்தவன் என்று. நான் படித்தது லிப்டுக்கு மென்பொருள் எழுத. ஆட்கள் நின்று காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் என் தொழில். எனக்கே காத்திருக்க வராது. வரலாறு எழுதுவதென்றால் உட்கார்ந்து நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நீதான் சரியான ஆள். மருந்துக்கடையில் ஒரு மாத்திரைப் பெட்டியை மூன்று தரம் பார்த்துக் கொடுக்கிறவன்.

எங்கே தொடங்குவது? அன்ரன் அண்ணையிடம்தான். மன்னார்க்காரர், பஸ் ஓட்டுநர். ஞாயிறு பூசை முடிய அவரும் கூட்டாளிகளும் அந்தத் திடலில், ஊரில் மட்டையும் பந்துமாக ஆடும் எல்லே விளையாடுவார்கள். அம்மருட் பகுதிப் பொடியள் நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அவர்களுக்கு ஆள் போதாமல் நம்மையும் இழுத்தார்கள். பிறகு பஸ் டிப்போவில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது ஒரு சாக்கு நிறையப் பேஸ்போல் கையுறைகளை அன்ரன் அண்ணையிடம் விட்டுப் போனார். கையுறையை மாட்டிப் பார்த்தவர்களுக்குப் பழைய விளையாட்டு பிடிக்காமல் போய்விட்டது. பக்கத்து நகரமான திராமனில் ஒரு நோர்வேஜியப் பேஸ்போல் கூட்டம் எதிரணி இல்லாமல் சும்மா இருந்தது. அவர்கள் தலைவன் தேர்யே. இன்னும் இரண்டு அணி சேர்ந்தன. நான்கு அணிகள், பெரிய லீக்குகளின் கணக்கில் வராத ஒரு குட்டி லீக்.

முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? தேர்யே மூன்றாவது பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தான். பந்து அன்ரன் அண்ணையின் கையில். பேஸில் நின்றவனுக்கு எறிய வேண்டியதுதானே? அவர் குறிபார்த்துத் தேர்யேயின் முதுகில் எறிந்தார். டப்பென்று சத்தம். நாம் ஒன்பது பேரும் ஒரே குரலில் "அவுட்!" என்று துள்ளினோம். எல்லேயில் அது அவுட்தான். ஓடுகிறவன் மேல் பந்து பட்டால் முடிந்தது. பேஸ்போலில் அது வெறும் அடி. தேர்யே முதுகைத் தடவிக்கொண்டு, நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டான். அன்ரன் அண்ணை தமிழிலேயே பதில் சொன்னார்.

"நீ ஒண்டும் செய்யேல்லையடா தம்பி. நீ அவுட், அவ்வளவுதான்."

அப்படித்தான் நம் லீக்கின் முதலாவது விதி பிறந்தது: ஓடுகிறவன் மேல் எறியக்கூடாது. இரண்டு மொழியிலும் எழுதி, திடல் ஓரக் கொட்டில் கதவில் ஒட்டினோம். இன்னும் இருக்கிறது.

நீ அன்றைக்கே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் கட்டம் கீறி ஸ்கோர் எழுதத் தொடங்கினாய். பிழை விட்டால் "பி", பக்கத்தில் நிற்கும் இடத்தின் எண். பந்து வீசும் பிச்சர் என்றால் ஒன்று, அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கச்சர் இரண்டு. அன்ரன் அண்ணைக்கு பி-6. அந்த "பி" லீக் முழுக்கப் பரவியது. இரண்டாவது கோடையில் திராமன்காரர் எல்லோரும், தமிழில் வேறொரு எழுத்தும் அறியாதவர்கள், யாராவது பந்தைத் தவறவிட்டால் வாயில் கைவைத்து "பீ... பீ..." என்று ஊளையிடுவார்கள். ஓரத்தில் நீ சின்ன எழுத்தில் வேறு ஏதோவும் கிறுக்குவாய். நான் ஏதோ காலநிலைக் குறிப்பு என்று நினைத்தேன். எட்டிப் பார்க்க எனக்கு ஏது நேரம்.

எட்டாவது சீசனின் இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். தள்ளிப் போட முடியாது.

மழைத் தூறல். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்றாம் பேஸில் தேர்யே. நான் பிச்சர், நீ கச்சர். அடித்தவன் பந்தை மெல்லத் தட்டிவிட்டான். அது உருண்டு என் காலடிக்கு வந்தது. தேர்யே கடைசி பேஸான ஹோமை நோக்கி ஓடினான். நான் எடுத்து உன்னிடம் எறிந்தால் அவன் அவுட். எடுத்தேன். எறிந்தேன். பந்து தேர்யேயின் முதுகில் பட்டுத் தெறித்தது. அவன் ஹோமைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "மறுபடியுமா?" திராமன் வென்றது.

கொட்டிலுக்குள் நீ முகமூடியைக் கழற்றிவிட்டு பி-1 எழுதிக்கொண்டிருந்தாய்.

"அதை அழி" என்றேன்.

"ஏன்?"

"ஏனோ? அவன் குறுக்கை ஓடினவன். நான் எங்கையடா எறியிறது?"

"பிழை பிழைதானே மச்சான்."

"ஆரடா இதைப் பாக்கப் போறாங்கள்? அழி எண்டுறன்."

"ஒருத்தரும் பாக்காட்டி அழிச்சு என்ன பிரயோசனம்?"

உன்னிடம் எனக்குப் பிடிக்காததும் அதுதான், கத்தாமல் கதைப்பது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு அப் எழுதினேன். ஸ்கோர், சராசரி, அட்டவணை எல்லாம் தொலைபேசியிலேயே. வசந்தக் கூட்டத்தில் காட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். இனி ஒருவரும் பென்சில் தூக்கத் தேவையில்லை என்று உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். நீயும் கை தட்டினாய். ஒன்பதாவது சீசன் முழுக்க ஆட்டத்தில் பந்தைத் தவிர நமக்குள் வேறெதுவும் பரிமாறவில்லை. ஆட்டம் முடிந்து ரி-பான மெட்ரோ ரயிலில் வரும்போது நீ முன்பெட்டியில் ஏறுவாய், நான் பின்பெட்டியில். அம்மருட்டில் இறங்கி இரண்டு பேரும் இருபது அடி இடைவெளியில் ஒரே பாதையில் நடப்போம். சரியான விசர் வேலை.

கார்த்திகையில் நீயே அழைத்தாய். "ரத்தத்திலை ஏதோ பிரச்சினையாம். மோட்டர் சைக்கிள் ஓயில் மாத்திற மாதிரி எல்லாத்தையும் மாத்தப் பாக்கிறாங்கள்." ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாரத்துக்கு மூன்று தரம் வந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. உன் மருந்துப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நீ பொறுமையாகக் கேட்டாய். அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி நானும் தொடவில்லை, நீயும் தொடவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாய்.

"உன்ரை அப்பிலை நான் இன்னும் அணியிலை இருக்கிறனோ?"

"ஓம். கச்சர்."

"பேரை எடுக்காதை, என்ன?"

"எடுக்க மாட்டனடா."

மாசியில் நீ போனாய். இருபத்தெட்டு வயது.

சித்திரையில் நான் வேலை மாறினேன். பழைய இணையக் கணக்குகளை எல்லாம் ஒரே பின்னேரத்தில் மூடினேன். எது எது என்று பார்க்கப் பொறுமையில்லை. அதற்குள் அப்பும் இருந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை. முதல் வருட மாணவன்கூட விடாத பிழை. ஒன்பதாவது சீசன் முழுக்க அழிந்தது, அணிப் பட்டியலில் இருந்த உன் பெயரோடு. யாரிடமும் சொல்லவில்லை. அதன் பின் வந்த இரண்டு சீசன்களும் என்னிடம் மூன்று மூன்று பிரதி இருக்கின்றன. அதனால் என்ன?

கொம்யூன் கடிதம் வந்த அன்றே தேர்யே அழைத்து, ஒன்பதாவது உன்னிடம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று கேட்டான். ஓம் என்று பொய் சொன்னேன். ஒரு சீசன் இல்லையென்றால் தொடர்ச்சி இல்லை. தொடர்ச்சி இல்லையென்றால் மைதானம் இல்லை. என்னால்.

அதனால்தான் உன் அக்கா கொண்டுவந்த கொப்பிகளை எண்ணினேன். எட்டுத்தான் இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது.

திரும்ப எண்ணினேன். ஒன்பது.

கடைசிக் கொப்பியில் எழுத்துகள் ஆடியிருந்தன. வரிகள் மேலே ஏறி, திடீரென்று வெட்டி, பிறகு நேராகித் திரும்பவும் ஆடின. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ரயில் நிற்கும்போது மட்டும் எழுத்து ஒழுங்காக இருந்தது. நான் பின்பெட்டியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு ஞாயிறும் நீ முன்பெட்டியில் இருந்து, ஆட்டத்தை ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறாய். ஒரு ஆட்டமும் விடவில்லை.

பிறகுதான் ஓரக் குறிப்புகளை வாசித்தேன். முதல் கொப்பியிலிருந்து. அன்ரன் அண்ணையின் பி-6க்குப் பக்கத்தில்: "நேற்றுவரைக்கும் இது சரி." யாரோ பந்தைத் தவறவிட்ட இடத்தில்: "இரவு வேலை முடிச்சு நித்திரை இல்லாமல் வந்தவர்." தேர்யேக்கு: "வெயில் கண்ணுக்குள்ளை." ஒரு பிழையையும் நீ அழிக்கவில்லை. ஒரு பிழையையும் தனியே விடவும் இல்லை.

எட்டாவது கொப்பியைக் கடைசியாகத்தான் திறந்தேன். பி-1. பக்கத்தில் மழையில் ஊறிய உன் எழுத்து:

"நான் கோட்டுக்கு வெளிப்பக்கம் நிண்டிட்டன். உள்பக்கம் நிண்டு கை காட்டியிருக்க வேணும். அவனுக்கு எறிய வழி இருக்கேல்லை. பாதி என்ரை."

மூன்று வருடம். நான் ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைக் கேள். நீ நின்ற இடம் காரணமில்லை. வழி இருந்தது. நீ கையை நீட்டியதும் கண்டேன். ஆனால் என் கண் தேர்யேயின் முதுகில்தான் நின்றது. அன்ரன் அண்ணையோடு ஆடிய எல்லே கையிலிருந்து போகவில்லை. நான் அவன் மேல்தான் எறிந்தேன். அதை உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அவ்வளவு கத்தினேன்.

வியாழன் முழுக்க இருந்து வரலாற்றை எழுதி முடித்தேன். தேர்யேயிடம் அப் அழிந்த கதையைச் சொன்னேன். அவன் தொலைபேசியில் ஒரு நீளமான "பீ..." போட்டான். ஒன்பது கொப்பிகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து, பின் வந்த இரண்டு சீசனின் பிரதிகளோடு இணைத்தேன். எட்டாவது சீசனுக்கு இப்படி எழுதினேன்: இறுதி ஆட்டம் பிச்சரின் பிழையால் கைவிட்டுப் போனது, கச்சர் பாதியைத் தன்மேல் எழுதினார், பிச்சர் அதை ஏற்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொம்யூனிலிருந்து ஒரு பெண் அழைத்தார். பதிவுகள் போதும், மைதானம் உங்களுக்குத்தான் என்றார். பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் வருகிற அந்த வளைந்த எழுத்து என்னவென்று கேட்டார். சொன்னேன். ஓரத்தில் உள்ளவை? அதையும் சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன். அவருக்கு அவசரம் இருந்திருக்கலாம், எனக்கு இருக்கவில்லை.

போன ஞாயிறு பன்னிரண்டாவது சீசனின் முதல் ஆட்டம். அன்ரன் அண்ணை முதலாவது விதியைப் புதுத் தாளில் எழுதி ஒட்டினார். நமக்குப் புது ஆள் ஒருவன், கார்த்திக். சென்னையிலிருந்து போன வருடம் வேலைக்கு வந்தவன், கிரிக்கெட்காரன். உயரமாக வந்த பந்தைக் கண்டதும் ஓடிக்கொண்டே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வெறுங்கையையும் குவித்தான். பந்து விரலில் பட்டுப் பறந்தது. திராமன் பக்கம் முழுக்க "பீ..." என்றது. இன்னிங்ஸ் முடிந்ததும் புதுக் கொப்பியில் பி-8 எழுதினேன். அவன் விரலை உதறிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான்.

"பாஸ், அத மட்டும் அழிச்சிடுங்களேன். ஃபர்ஸ்ட் மேட்ச். யாரு பார்க்கப் போறா?"

நான் அழிக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதி அவனிடம் திருப்பிக் காட்டினேன். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"'கையுறையோடை பிடிக்கிறதெண்டு நான் சொல்லிக் குடுக்கேல்லை. பாதி என்ரை.' குடுக்கேல்லைன்னா?"

"கொடுக்கவில்லை."

"ஓ. அப்போ உங்க பேர்லயும் மிஸ்டேக்கா?"

"ஓம்."

"அப்போ ஓகே பாஸ்" என்று சிரித்தான். பக்கத்தைப் புரட்டி அணிப் பட்டியலைப் பார்த்தான். "இவரு யாரு, கடைசியா எழுதிருக்கீங்க? இன்னும் வரலையே."

"என்ரை கச்சர். செத்துப்போட்டான்."

அவன் அந்தப் பெயரில் விரலை வைத்தான். "அப்புறம் ஏன் பாஸ் லிஸ்ட்ல?"

"எடுக்காதை எண்டு சொன்னவன்."

கார்த்திக் தலையாட்டினான். துடைத்துக் கொடுக்க யாரும் சொல்லாமலே பந்தைச் சட்டையில் துடைத்து என் கையில் தந்தான். நான் கொப்பியை மூடிவிட்டுப் பந்து வீசப் போனேன்.